நிக்கல் சூப்பர் அலாயில் சோர்வு விரிசல்: நுண்கட்டமைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிக்கல் சூப்பர் அலாய் என்பது அதிக வெப்பத்திலும் வலிமை காக்கும் நிக்கல் கலவை. அதில் செய்த ஜெட் இன்ஜின், எரிவாயு டர்பைன் பாகங்களோடு வேலை செய்கிறவர்களும் உலோகவியல் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பாடப்புத்தகத்தில் கிரெயின் (உலோகத்தை ஆக்கும் சிறு படிகம்), வீழ்படிவு (திட உலோகத்துக்குள்ளேயே பிரிந்து உருவாகும் நுண்துகள்), ஆக்சிஜனேற்றம் எல்லாம் தனித்தனி அத்தியாயத்தில் இருக்கும். உடைந்த பாகம் ஒன்று மேசைக்கு வந்தால் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவு வலுவான உலோகம் ஏன் விரிசல் விடுகிறது?

ஒரு தடவை ஏற்றினால் சாதாரணமாகத் தாங்கும் சுமையை ஆயிரக்கணக்கான தடவை ஏற்றி இறக்கினால் வருவதுதான் சோர்வு. விமானம் ஒருமுறை கிளம்பி இறங்குவது டர்பைன் டிஸ்குக்கு, அதாவது பிளேடுகளைத் தாங்கிச் சுழலும் வட்டுக்கு, ஒரு பெரிய சுமைச் சுழற்சி. அதிவேகமாகச் சுழலும்போது டிஸ்க் தன் நிறையாலும், விளிம்பில் மாட்டியிருக்கும் பிளேடுகளின் நிறையாலும் வெளிப்பக்கமாக இழுபடுகிறது. போல்ட் துளை, பிளேடு மாட்டும் பள்ளம் போன்ற இடங்களில் தகைவு (ஓர் அலகுப் பரப்பில் விழும் விசை) குவிந்து, உலோகம் அந்தச் சின்ன இடத்தில் மட்டும் நிரந்தரமாக உருமாறத் தொடங்குகிறது.

வலிமை இதற்கு முழு விடை ஆகாது. அலாய் வலுவாக ஆக, அதை அதிகத் தகைவில் ஓட்டுகிறோம். தகைவு கூடினால், டிஸ்க் தாங்கக்கூடிய விரிசலின் அளவு சுருங்கிவிடும். பழைய, மென்மையான கலவையில் கவலைப்படத் தேவையில்லாத ஒரு சின்னத் துகள், புதிய வலுவான கலவையில் ஆயுளையே தீர்மானிக்கிறது.

நுண்கட்டமைப்பு என்றால் இங்கே எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

அடித்தளம் காமா. நிக்கல் அணுக்களோடு கோபால்ட், குரோமியம் போன்றவை கலந்த முகமையக் கனசதுரப் படிகம் அது. அதற்குள் காமா பிரைம் என்கிற வீழ்படிவு இருக்கும். நிக்கலும் அலுமினியமும் (டைட்டானியமும் சேரும்) 3-க்கு 1 என்ற விகிதத்தில், ஒழுங்கான அணு வரிசையில் அமைந்தது. இதன் பங்கு கலவைக்குக் கலவை மாறும்: வாஸ்பலாயில் சுமார் 25 சதவீதம், உடிமெட் 720-ல் சுமார் 45, சிஎம்எஸ்எக்ஸ்-4 போன்ற ஒற்றைப் படிக பிளேடு கலவையில் 70-ஐ ஒட்டி.

இதோடு கிரெயின் அளவு, கிரெயின் எல்லையின் வடிவம், அதில் உட்கார்ந்திருக்கும் கார்பைடுகள் (கார்பன் சேர்மங்கள்), ட்வின் எல்லைகள் (கண்ணாடிப் பிம்பம் போல அமைந்த இரண்டு படிகப் பகுதிகள் சேரும் தளங்கள்), உருக்கும்போது உள்ளே வந்த ஆக்சைடு, நைட்ரைடு துகள்கள், வார்ப்பில் விழுந்த நுண்துளைகள். சோர்வு இவற்றின் சராசரியைக் கண்டுகொள்வதே இல்லை. டிஸ்கில் எங்கோ ஒரு மூலையில் இருக்கிற மிகப் பெரிய கிரெயினும் மிக மோசமான துகளும்தான் அதற்குக் கணக்கு. கீழே வரும் பதில்களில் பாதிக்கு இதுவே அடிப்படை.

எந்தக் குறையும் இல்லாத இடத்தில் விரிசல் எப்படி முளைக்கும்?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் இந்தக் கலவைகளின் தனிக்குணமே இங்கேதான் இருக்கிறது.

உலோகம் உருமாறுவது டிஸ்லொகேஷன்கள், அதாவது படிகத்தின் அணு வரிசையில் உள்ள கோட்டுக் குறைகள், நகர்வதால். காமா பிரைம் ஒழுங்கான அமைப்பு என்பதால், ஒரு டிஸ்லொகேஷன் அதை வெட்டிப் போனால் அணு வரிசை குலைகிறது. பின்னால் வரும் இரண்டாவது அதைச் சரிசெய்கிறது. அதனால் அவை ஜோடியாகவே போகின்றன. ஒரு ஜோடி வெட்டிய பிறகு, அந்தத் தளத்தில் வீழ்படிவின் குறுக்குவெட்டு கொஞ்சம் குறைந்துவிடும். அடுத்த ஜோடிக்கு அதே தளம்தான் சுலபமான பாதை. இப்படி உருமாற்றம் முழுவதும் சில மெல்லிய தளங்களில் போய்க் குவிகிறது. சுமையை ஏற்றி இறக்க, அந்தத் தளங்கள் மட்டும் முன்னும் பின்னுமாகச் சறுக்கிக்கொண்டே இருக்கும். காலப்போக்கில் பரப்பில் நுண்ணிய மேடும் பள்ளமுமாகச் சறுக்குப் பட்டைகள் தெரிய ஆரம்பிக்கும். விரிசல் அதிலிருந்து முளைக்கும்.

எந்த கிரெயினில் இது முதலில் நடக்கும்? பொதுவாகப் பெரிய கிரெயினில், சறுக்குத் தளம் சுமைக்குச் சாதகமான கோணத்தில் இருக்கும்போது. அதிலும் குறிப்பாக ட்வின் எல்லையை ஒட்டி. இதற்கு இரண்டு காரணங்கள். ட்வின் எல்லையும் சறுக்குத் தளமும் ஒரே படிகத் தளக் குடும்பம் என்பதால் எல்லைக்கு இணையாக நீளமான, தடையில்லாத பாதை கிடைக்கிறது. இன்னொன்று மீள்தன்மை. நிக்கல் படிகம் எல்லாத் திசையிலும் ஒரே விறைப்போடு இருப்பதில்லை: கனசதுரத்தின் விளிம்புத் திசையில் சுமார் 130 ஜிகாபாஸ்கல், கனசதுரத்தின் ஊடே எதிர் மூலைக்குப் போகும் மூலைவிட்டத் திசையில் சுமார் 300. ட்வினின் இரண்டு பக்கமும் விறைப்பு வேறாக இருந்தால், இழுக்கும்போது எல்லையில் கூடுதல் தகைவு ஏறும். ரெனே 88டிடி போன்ற, பவுடரிலிருந்து செய்யும் டிஸ்க் கலவைகளில் விரிசல் முளைத்த இடத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், பெரிய கிரெயின் ஒன்றின் பளபளப்பான சாய்ந்த முகமும் அதன் ஓரத்தில் ஒரு ட்வின் எல்லையும் அடிக்கடி தென்படும்.

கிரெயின் சின்னதாக இருப்பது நல்லதா, பெரிதாக இருப்பது நல்லதா?

எதற்கு என்று முதலில் சொல்ல வேண்டும்.

விரிசல் முளைக்காமல் இருக்க, சின்ன கிரெயின் நல்லது. சறுக்குப் பட்டையின் நீளம் குறைவு, எல்லையில் குவியும் தகைவும் குறைவு, வலிமை அதிகம். 5 முதல் 10 மைக்ரான் கிரெயின் உள்ள டிஸ்க், மிதமான வெப்பத்தில் குறைசுழற்சிச் சோர்வுக்கு (அதிகத் தகைவில், ஒப்பீட்டளவில் குறைந்த சுழற்சிகளில் வரும் சோர்வு) அருமையாக நிற்கும்.

முளைத்த விரிசல் மெதுவாக வளர, பெரிய கிரெயின் நல்லது. விரிசல் ஒவ்வொரு கிரெயினிலும் படிகத் தளத்தைப் பின்பற்றித் திசை மாறி மாறிப் போக வேண்டியிருக்கிறது. உடைந்த முகம் கரடுமுரடாவதால், சுமை இறங்கும்போது இரண்டு முகங்களும் ஒன்றோடொன்று முட்டி, விரிசல் முழுமையாக மூடுவதற்கு முன்பே தாங்கிக்கொள்கின்றன. அதனால் விரிசல் முனைக்குப் போய்ச் சேரும் சுமை குறைகிறது. க்ரீப்புக்கும், அதாவது சூட்டில் நிலையான சுமையால் மெல்ல மெல்ல நீளுவதற்கும், பெரிய கிரெயினே மேல்.

"கிரெயினைப் பொடியாக்கினால் சோர்வு ஆயுள் கூடும்" என்ற ஒற்றை வரியை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் நிறையப் பேர். அறை வெப்பத்தில், முளைப்பை மட்டும் பேசினால் அது சரிதான். 700 டிகிரி செல்சியஸில் ஓடும் டிஸ்க் விளிம்புக்கு அதை அப்படியே கொண்டுபோனால் ஆபத்து.

சரி, ஒரே டிஸ்கில் இரண்டையும் வைக்க முடியாதா?

முடியும், செய்தும் இருக்கிறார்கள். டிஸ்கின் நடுப்பகுதியில் வெப்பம் குறைவு, தகைவு அதிகம். அங்கே சின்ன கிரெயின் வேண்டும். விளிம்பில் வெப்பம் அதிகம். அங்கே பெரிய கிரெயின் வேண்டும். வெப்பப் பதப்படுத்தலின்போது விளிம்பை மட்டும் காமா பிரைம் முழுவதும் கரையும் வெப்பநிலைக்கு மேலே கொண்டுபோய், நடுப்பகுதியை அதற்குக் கீழே வைப்பதுதான் உத்தி. கரையாமல் மிஞ்சும் முதன்மை காமா பிரைம் துகள்கள் கிரெயின் எல்லைகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் நடுப்பகுதியில் கிரெயின் வளராது. விளிம்பில் அந்தப் பிடி கரைந்துபோவதால் வளரும். நாசாவின் கிளென் ஆய்வு மையம் இதில் நிறைய வேலை செய்திருக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடைப்பகுதியைத் தனியாகச் சோதிப்பது முக்கியம். அங்கே கிரெயின் அளவு ஒரே சீராக இருக்காது.

காமா பிரைமின் அளவு விரிசலை எப்படி மாற்றுகிறது?

டிஸ்க் கலவைகளில் மூன்று தலைமுறை இருக்கும். முதன்மை என்பது மைக்ரான் கணக்கில் கிரெயின் எல்லையில் இருப்பது. இரண்டாம் நிலை, வெப்பத்திலிருந்து குளிரும்போது வருவது, நூறு நானோமீட்டர் கணக்கு. மூன்றாம் நிலை, குளிர்வின் கடைசியிலும் பிறகு பதப்படுத்தும்போதும் வருகிற சில பத்து நானோமீட்டர் துகள்கள்.

துகள் சின்னதாக இருந்தால் டிஸ்லொகேஷன் அதை வெட்டிப்போகும், சறுக்கல் ஒரே தளத்தில் குவியும். துகள் பெரிதாகி இடைவெளியும் விரிந்தால் வெட்டாமல் சுற்றிப்போகும், சறுக்கல் பரவலாகும். குவிந்த சறுக்கலால் முளைப்பு சீக்கிரம் வரலாம். ஆனால் அதே சறுக்கல் சுமை திரும்பும்போது பெரும்பாலும் வந்த வழியே திரும்பிவிடுவதால், வளரும் விரிசலின் முனையில் சேதம் குறைவாகச் சேரும். கிரெயின் விஷயத்தில் பார்த்த அதே இழுபறி இங்கேயும் வருகிறது.

வேகமாகக் குளிர்வித்தால் இரண்டாம் நிலைத் துகள்கள் பொடியாக வரும், வலிமை ஏறும். கூடவே குளிர்விக்கும்போதே விரிசல் விடும் அபாயமும் உள்ளே தங்கிவிடும் எச்சத் தகைவும் ஏறும்.

சுமையை உச்சத்தில் நிறுத்தி வைத்தால் ஏன் விரிசல் இவ்வளவு வேகமாக ஓடுகிறது?

டுவெல் என்று சொல்கிற இந்த நிலைமைதான் சூடான டிஸ்க் விளிம்பில் எனக்கு முதல் கவலை. சுமையை ஏற்றி உடனே இறக்கினால் 650 முதல் 700 டிகிரியில்கூட விரிசல் கிரெயினை ஊடுருவிக்கொண்டு ஓரளவு நிதானமாகப் போகும். உச்சச் சுமையில் ஒன்றிரண்டு நிமிடம் நிறுத்தி வைத்தால், அது கிரெயின் எல்லையைப் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கும். ஒரு சுழற்சிக்கான வளர்ச்சி பத்து மடங்கு கூடுவது சாதாரணம். நூறு மடங்கு வரை போகும் கலவைகளும் உண்டு.

இதே சோதனையை வெற்றிடத்தில் செய்தால் இந்த வேகத்தின் பெரும்பகுதி காணாமல் போய்விடும். அதாவது குற்றவாளி ஆக்சிஜன். அது எப்படி வேலை செய்கிறது என்பதில் இரண்டு விளக்கங்கள் இருக்கின்றன. விரிசல் முனைக்கு முன்னால் கிரெயின் எல்லையில் ஆக்சைடு உருவாகி, அது நொறுங்குகிறது என்பது ஒன்று. ஆக்சைடு ஆவதற்கு முன்பே ஆக்சிஜன் அணுக்கள் எல்லைக்குள் ஊடுருவிப் பிணைப்பைத் தளர்த்திவிடுகின்றன என்பது மற்றொன்று. கலவையையும் வெப்பநிலையையும் பொறுத்து இரண்டுக்குமே ஆதாரம் காட்டுகிறார்கள். வடிவமைப்பவருக்கு இரண்டிலும் வழி ஒன்றுதான்: கிரெயின் எல்லை பலவீனமான பாதையாக ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நுண்கட்டமைப்பால் இங்கே நிறையச் செய்ய முடியும். பெரிய கிரெயின் இருந்தால் எல்லைப் பாதை குறைவு, வளைவு அதிகம். காமா பிரைம் கரையும் வெப்பநிலை வழியாக மெதுவாகக் குளிர்வித்தால் எல்லைகள் நேராக இல்லாமல் ரம்பப் பல் போல வளைந்து வளைந்து வரும். விரிசல் அதில் தடுமாறும். மூன்றாவது வழி முதலில் கேட்கும்போது விசித்திரமாக இருக்கும். மூன்றாம் நிலை காமா பிரைம் துகள்களைக் கொஞ்சம் பருக்கவிட்டு, வலிமையைச் சற்றே விட்டுக்கொடுப்பது. அப்போது விரிசல் முனையில் குவிந்த தகைவு, நிறுத்தி வைத்திருக்கும் நேரத்திலேயே தளர்ந்து விடுகிறது. ஆக்சிஜன் வந்து சேரும்போது எல்லையைப் பிளக்கும் விசை குறைந்திருக்கும். அதிகபட்ச வலிமைக்காகப் பதப்படுத்திய டிஸ்க் டுவெல்லில் மோசமாக நடந்துகொள்வதற்கு இதுவே காரணம்.

உள்ளே இருக்கும் ஒரு சின்னத் துகளால் உண்மையிலேயே டிஸ்க் உடையுமா?

உடைந்திருக்கிறது. 2016 அக்டோபர் 28 அன்று சிகாகோ ஓஹேர் விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் 383-ம் எண் விமானம், போயிங் 767, கிளம்புவதற்காக ஓடுபாதையில் வேகமெடுத்துக்கொண்டிருந்தது. வலது இன்ஜினின் உயர் அழுத்த டர்பைனில் இரண்டாம் நிலை டிஸ்க் உடைந்து சிதறியது. ஒரு துண்டு சுமார் 900 மீட்டர் தள்ளி ஒரு கிடங்கின் கூரையைப் பொத்துக்கொண்டு விழுந்தது. எரிபொருள் கசிந்து தீப்பிடித்தது. விமானத்திலிருந்த எல்லோரும் உயிரோடு வெளியேறினார்கள்.

டிஸ்க் இன்கோனல் 718. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணையில், பரப்புக்குக் கீழே இருந்த ஓர் 'அழுக்கு வெண்புள்ளி'யிலிருந்து குறைசுழற்சிச் சோர்வு விரிசல்கள் முளைத்து வளர்ந்தது தெரிந்தது. வெண்புள்ளி என்பது நியோபியம் குறைந்த பகுதி. 718-ன் வலிமை நியோபியம் தரும் வீழ்படிவிலிருந்து வருவதால் அந்த இடம் சுற்றுப்புறத்தைவிட மென்மையாக இருக்கும். அதில் ஆக்சைடு, நைட்ரைடு துகள்களும் கொத்தாக இருந்தால் அதை அழுக்கு என்கிறார்கள். வெற்றிடத்தில் மின்வில்லால் உருக்கும்போது, மேலே ஒட்டியிருக்கும் பகுதி உருகாமல் உருகிய உலோகக் குட்டைக்குள் விழுவது இதற்கு அறியப்பட்ட ஒரு வழி. அந்த டிஸ்க் 15,000 சுழற்சிக்கு அனுமதிக்கப்பட்டது, உடைந்தபோது 10,984. தயாரிப்பின்போது செய்த ஆய்விலும் பிறகு செய்த ஆய்விலும் அந்தக் குறை பிடிபட்டிருக்க வாய்ப்பு குறைவு என்றே விசாரணை முடிவு சொன்னது.

பவுடரிலிருந்து செய்தால் இந்தப் பிரச்சினை தீருமா?

வெண்புள்ளி தீரும், வேறொன்று வரும். அதிகக் கலப்பு உள்ள கலவைகளைப் பெரிய இங்காட்டாக (வார்ப்புக் கட்டியாக) வார்த்தால் வேதிப் பிரிவு, அதாவது இடத்துக்கு இடம் கலவை மாறுபடுவது, தாங்க முடியாத அளவுக்குப் போகும். அதனால் உருக்கி, தூளாகத் தெளித்து, சலித்து, அழுத்தி, ஃபோர்ஜ் செய்கிறார்கள் (சூட்டில் அடித்து வடிவமாக்குகிறார்கள்). ஒவ்வொரு தூள் மணியும் நொடியில் உறைவதால் பிரிவு மிகச் சிறிய அளவிலேயே நின்றுவிடும்.

ஆனால் உருக்கும் பாத்திரத்திலிருந்தும் ஊற்றும் வாயிலிருந்தும் பீங்கான் துணுக்குகள் வரும். சல்லடை இதற்காகவே: 270 மெஷ்ஷில் சலித்தால் 53 மைக்ரானுக்கு மேற்பட்டவை பெரும்பாலும் நின்றுவிடும். நீளமான துணுக்கு நெட்டுக்குத்தாக நழுவி வந்துவிடவும் கூடும். இன்னொரு தொல்லை, பழைய தூள் மணிகளின் எல்லையில் கார்பைடும் ஆக்சைடும் வலை மாதிரி தங்கிவிடுவது. எக்ஸ்ட்ரூஷன் (குறுகிய அச்சு வழியாகப் பிதுக்குவது) இந்த வலையை உடைத்துச் சிதறடிக்கும். வெறுமனே அழுத்தி மட்டும் எடுத்தால் அது அப்படியே மிஞ்சும்.

துகள் எங்கே இருக்கிறது என்பது அதன் அளவுக்குச் சமமான விஷயம். பரப்பில் இருந்தால் காற்று படும், விரிசல் சீக்கிரம் வளரும். அதே அளவுத் துகள் உள்ளே இருந்தால் காற்றில்லாமல், ஆயுள் பல மடங்கு நீளலாம்.

இன்கோனல் 718-ஐ மற்ற கலவைகளோடு சேர்த்துப் பேசலாமா?

ஓரளவுக்குத்தான். அதில் முக்கிய வலிமை காமா டபுள் பிரைமிலிருந்து, அதாவது நிக்கல்-நியோபியம் வீழ்படிவிலிருந்து. சுமார் 650 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் வைத்தால் அது நிலைத்த டெல்டா நிலையாக மாறத் தொடங்கும், வலிமை சரியும். டெல்டா முற்றிலும் கெட்டதல்ல. ஃபோர்ஜ் செய்யும்போது எல்லையில் அளவாக இருந்தால் கிரெயினைச் சின்னதாக வைத்திருக்கும். ஊசி ஊசியாக அதிகமானால் விரிசலுக்கு வழி.

718-ல் நியோபியம் கார்பைடுகளை மறக்கக் கூடாது. 600 டிகிரி அளவில் பரப்பிலுள்ள கார்பைடு ஆக்சிஜனேற்றமாகிப் பருத்து, சுற்றியிருக்கும் உலோகத்தை நெம்பித் திறக்கும். சோர்வுச் சோதனையில் விரிசல் முளைக்கும் இடங்களில் இது அடிக்கடி வருகிற ஒன்று.

ஒற்றைப் படிக பிளேடில் கிரெயின் எல்லையே கிடையாதே, பிறகு என்ன?

எல்லை போனதும் அடுத்த பலவீனம் முன்னுக்கு வருகிறது: டெண்ட்ரைட் (உறையும்போது மரம் போலக் கிளைவிடும் படிகம்) கிளைகளுக்கு நடுவே உள்ள வார்ப்பு நுண்துளை. வெப்பத்தோடு எல்லாப் பக்கமும் அழுத்தி மூடும் ஹிப் செய்முறை அவற்றைக் குறைக்கும்.

பிளேடை அதன் நீளம் கனசதுர விளிம்புத் திசையில் இருக்கும்படி வளர்ப்பதற்குச் சோர்வும் ஒரு முக்கியக் காரணம். அந்தத் திசையில் விறைப்பு குறைவு என்பதால், சூடாகிக் குளிரும்போது தடைபடும் விரிவு அதே அளவு இருந்தாலும் எழும் தகைவு குறைகிறது. மிதமான வெப்பத்தில் விரிசல் படிகத் தளத்தோடு சாய்வாகப் போகும். வெப்பம் ஏற ஏற, சறுக்கல் பரவலாகி, சுமைக்குச் செங்குத்தாகத் திரும்பும். மேற்பூச்சையும் கவனிக்க வேண்டும். அலுமினைடு பூச்சு குறைந்த வெப்பத்தில் நொறுங்கும் தன்மை கொண்டது. அதில் விழும் விரிசல் உள்ளே இறங்கும்.

3டி அச்சில் செய்த பாகங்களுக்கு?

கவனிக்க வேண்டியவை வேறு: சரியாக உருகிச் சேராத இடத்தில் தட்டையான, கூர்முனைத் துளைகள், அச்சிட்டபடியே விட்ட கரடான பரப்பு, அச்சிடும் திசையில் நீண்ட கிரெயின்கள், 718-ல் லாவே நிலை (நியோபியம் திரண்ட, நொறுங்கும் சேர்மம்). ஹிப், சரியான வெப்பப் பதப்படுத்தல், பரப்பைக் கடைவது மூன்றும் இல்லாமல் வார்த்து அடித்த பாகத்தோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

நுண்கட்டமைப்பு சரியாக இருந்தும் கடைசல் வேலையில் கெட்டுப்போகுமா?

கண்டிப்பாக. தேய்ந்த கருவியால் துளை போட்டால் பரப்பில் சில மைக்ரான் தடிமனுக்குக் கிரெயின் நசுங்கி வெள்ளை அடுக்கு உருவாகும். மின்பொறியால் வெட்டினால் உருகி உறைந்த அடுக்கில் நுண்விரிசல்கள் இருக்கும். ஷாட் பீனிங் (சிறு உருண்டைகளைப் பரப்பில் வேகமாக அடிப்பது) பரப்பில் அமுக்கத் தகைவைக் கொடுத்து முளைப்பை உள்ளே தள்ளும். சூடான இடத்தில் அந்தத் தகைவு நாளாக நாளாகத் தளரும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

உடைந்த முகத்தைப் பார்த்து என்னவெல்லாம் சொல்லலாம்?

முதலில் கண்ணாலேயே நிறத்தைப் பாருங்கள். சூட்டில் அதிக நேரம் திறந்திருந்த பகுதி கருத்தோ நீலமாகவோ இருக்கும். கடைசியில் உடைந்தது வெளிறி இருக்கும். விரிசல் எந்த வரிசையில் வளர்ந்தது என்று அதிலேயே ஓரளவு தெரியும். பிறகு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் முளைத்த இடத்துக்குப் போனால், பளபளப்பான சாய்ந்த முகம் தெரிந்தால் சறுக்கல் முளைப்பு. நடுவில் துகள் இருந்தால் அதன் வேதியியலை எடுத்துப் பார்க்க வேண்டும், அலுமினிய ஆக்சைடா, கார்பைடா என்று. அதைத் தாண்டிச் சோர்வுக் கோடுகள் (விரிசல் முன்னேறியதைக் காட்டும் நுண்ணிய இணைக்கோடுகள்) வந்தால் கிரெயினை ஊடுருவிய வளர்ச்சி. கற்கண்டுக் கட்டிகளைக் கொட்டியது போல முழு கிரெயின்களும் புடைத்துத் தெரிந்தால் எல்லை வழி வளர்ச்சி, அதாவது டுவெல் அல்லது அதிக வெப்பம்.

ஒரு வேண்டுகோள்: முகத்தைச் சுத்தம் செய்வதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள். ஆக்சைடு போனால் பாதிச் சான்று போயிற்று.

சோதனைத் தரவில் எதைப் பார்த்து நம்புவது?

சராசரி ஆயுளை வைத்து இரண்டு கலவைகளை ஒப்பிட வேண்டாம். ஒரே தகைவில் செய்த சோதனைகள் இரண்டு கூட்டமாகப் பிரிகின்றனவா என்று பாருங்கள். சறுக்கலால் முளைத்தவை நீண்ட ஆயுளிலும், துகளால் முளைத்தவை குறுகிய ஆயுளிலும் தனித்தனியாக நிற்பது உண்டு. டிஸ்கின் ஆயுளை முடிவு செய்வது அந்தக் குறுகிய கூட்டம். சோதனைத் துண்டின் கன அளவு டிஸ்கோடு ஒப்பிட்டால் மிகச் சின்னது, அதில் மோசமான துகள் அகப்படும் வாய்ப்பும் அந்த அளவுக்குக் குறைவு. அதனால்தான் தூளில் வேண்டுமென்றே துகள்களைக் கலந்து சோதனைத் துண்டுகள் செய்து பார்க்கிறார்கள்.

நீண்ட விரிசலில் அளந்த வரம்பு மதிப்பையும் (இதற்குக் கீழே விரிசல் வளராது என்று கொள்ளும் சுமை அளவு) அப்படியே எடுக்கக் கூடாது. ஒன்றிரண்டு கிரெயின் நீளமே உள்ள குட்டி விரிசலுக்கு மூடிக்கொள்ள கரடான முகம் இன்னும் உருவாகியிருக்காது. வரம்புக்குக் கீழேயும் அது வளரும், எல்லையில் நின்று, மறுபடி கிளம்பும். ஒரு தரவுத் தாளில் கிரெயின் அளவு, குளிர்வித்த வேகம், சோதனை வெப்பநிலை, நிறுத்தி வைத்த நேரம், காற்றா வெற்றிடமா என்ற ஐந்தும் இல்லையென்றால் அந்த வளைகோட்டை வடிவமைப்புக்குப் பயன்படுத்த மாட்டேன்.